பர்மாத் தேக்குத் தூணுக்கு அடியில் என்ன எழுதுவது?

வளவுவீட்டுப் பேரன் (கானாடுகாத்தான்):

அனைவருக்கும் வணக்கம். பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பம் எங்களுடையது. எங்கள் ஐயா காலத்து வீட்டைப் பங்காளிகள் ஐந்து புள்ளியும் (குடும்பமும்) சேர்ந்து பழுது பார்த்து வருகிறோம். வருகிற தை மாதம் முதல் முகப்பையும் வளவையும் (உள்முற்றத்தையும்) வெளியூரார் வந்து பார்க்கத் திறந்து விடுவதாக முடிவாகியிருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும் என்று பெரிய அண்ணன் சொல்ல, எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பெல்ஜியம் கண்ணாடிக்கும் இத்தாலிச் சலவைக்கல்லுக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் அரை நாளில் எழுதி முடித்துவிட்டேன். வளவைச் சுற்றி நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களுக்கு வந்தபோதுதான் கை நின்றுவிட்டது.

அண்ணன் ஏற்கெனவே ஒரு வாசகம் தந்திருக்கிறார். வெள்ளையர் ஆட்சியின் இன்னல்களைத் தாங்கிக்கொண்டு, கடல் கடந்து நேர்மையாக உழைத்த முன்னோர் கொண்டுவந்த மரம் என்பது அதன் சாரம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போன மாதம் இரண்டாம் கட்டில் இருந்த மரப்பெட்டகத்தை நகர்த்தியபோது அதன் அடியில் ஒரு பேரேடு கிடைத்தது. மேலே ‘உ’ போட்டு, சிவமயம் எழுதி, லெட்பதான் கடை என்று ஊர்ப் பெயர் குறித்திருக்கிறது. 1929 முதல் 1933 வரையிலான கணக்கு அது. கடன் வாங்கியவர்களின் பர்மியப் பெயர்களை நம் எழுத்தில் யாரோ ஓர் அடுத்தாள் (கடை ஏஜெண்டுக்கு அடுத்த நிலை ஊழியர்) அழகாக எழுதியிருக்கிறார். அந்தப் பெயர்களில் பதினேழுக்கு எதிரே, 1931 முதலான பக்கங்களில், வட்டிப் பத்தி வெறுமையாக இருக்கிறது; அதற்குப் பதிலாக ‘நிலம் எழுதி வாங்கியது’ என்று ஒரே வரி. பதினேழு தடவையும் அதே கையெழுத்து.

இதைப் பார்த்த பிறகு ‘இன்னல்களைத் தாங்கி’ என்று எழுத மனம் வரவில்லை; எழுதாமல் விடவும் மனம் வரவில்லை. அந்த ஆட்சியில் நாம் அடிபட்டவர்களா, அடித்தவனுக்குத் தோள் கொடுத்தவர்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பலகையில் ஐந்து வரிக்குத்தான் இடம் இருக்கிறது.

கணக்கர் (காரைக்குடி):

தம்பி, ஒரு பேரேட்டில் ஒரு வரியைப் பார்த்துவிட்டு ஐயாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். பேரேடு படிப்பதே எனக்குத் தொழில் என்பதால் சொல்கிறேன். கடை வைத்திருந்தவருக்கு நிலம் வேண்டவே வேண்டாம். அவருக்கு வேண்டியது தவணைக்கு வட்டியும், கேட்டபோது முதலும்தான். ஊரிலே ஆச்சிமார்களும் கோயில்களும் போட்டு வைத்திருந்த பணம், கிட்டங்கியில் (கடைக்காரர்கள் பலர் சேர்ந்து உட்கார்ந்து தொழில் நடத்திய கட்டடத்தில்) பக்கத்துப் பெட்டிக்காரரிடம் வாங்கிய கைமாற்று, ஆங்கிலேய வங்கியிடம் எடுத்த கடன் ஆகியவை எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கடையின் முதல். வாங்கிய இடத்துக்கு அவர் நடப்பு வட்டி கட்டியாக வேண்டும். சேற்று நிலத்தை வைத்துக்கொண்டு அந்த வட்டியை எப்படிக் கட்டுவது?

1930-இல் உலக மந்தம் வந்து நெல் விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. விவசாயியால் கட்ட முடியவில்லை, கடைக்காரருக்கு வேறு வழியும் இல்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நம்மவர் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937-இல் அது நூற்றுக்கு 25 ஆனது. இதைப் பேராசை என்று எழுதுகிறார்கள். என் கணக்கில் இது முடங்கிப் போன முதல், வேறொன்றும் இல்லை. அந்த நிலத்தையும் 1948-இல் பர்மிய அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது நினைவிருக்கட்டும்.

வெள்ளைக்காரர் நம்மவரைத் தமக்குச் சமமாக நடத்தினார்கள் என்று யாராவது சொன்னால் அதையும் நான் ஒப்ப மாட்டேன். ரங்கூனின் பெகு கிளப்பில் வெள்ளைத் தோல் இல்லாதவருக்கு இடமில்லை. நாட்டின் நெல் விளைச்சலுக்கே கடன் கொடுத்தவர் அந்த வாசற்படி ஏற முடியாது. அண்ணன் எழுதிய வாசகத்தில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

தேவகோட்டைத் தமிழாசிரியர்:

கணக்கர் சொன்ன எண்கள் சரி. ஆனால் எண்ணுக்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. நம்மவர் பர்மாவுக்குப் பெருமளவில் கொண்டுவிற்கப் போனது ஆங்கிலேயப் படை போன பாதையில்தான். 1826-இல் தெனாசெரிமும் அரக்கானும், 1852-இல் பெகுவும், 1885-இல் மாண்டலேயும் விழுந்தன. இங்கே நம் நாட்டில் ஆங்கிலேய வங்கிகள் வந்து பெரிய வணிகக் கடன் தொழிலை எடுத்துக்கொண்டபோது, அவர்கள் கால் வைக்கத் தயங்கிய சேற்றுக்குள் நம்மவர் போனார்கள். போனது துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் முன்னால் துப்பாக்கி போயிருந்தது.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐராவதிக் கழிமுகத்து அரிசி ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கியது. 1850-களில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெல் நிலம் 1930-களில் எண்பது லட்சத்தைத் தாண்டியது. காட்டை வெட்டிச் சேற்றைத் திருத்தியவர்கள் பர்மிய விவசாயிகளும், நம் பக்கத்திலிருந்து போன கூலிகளும். 1876-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 12 ஆண்டுகள் தொடர்ந்து உழுது வரி கட்டியவனுக்கு நிலம் உரிமையானது. உரிமை ஆனதும் அதை ஈடு வைக்கலாம். ஈடு வைத்தால் ஏலம் போகலாம். பர்மிய அரசர் காலத்தில் ஒரு காகிதம் இவ்வளவு எளிதில் நிலத்தை விழுங்கிவிட முடியாது. அந்தக் காகிதத்தை எழுதியது வெள்ளைக்காரச் சட்டம், அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது நம் கடை. விளைந்த நெல்லுக்கோ, பெரிய ஐரோப்பிய ஆலைக்காரர்கள் நால்வர் 1921 முதல் ஒன்று கூடி விலை பேசினார்கள். அந்த விலை விவசாயிக்கு எந்த நாளும் கண்ணில் படவில்லை. அவன் கண்ணில் பட்டதெல்லாம் நெற்றியில் திருநீறும் கையில் பேரேடுமாக ஊருக்குள் உட்கார்ந்திருந்த நம் ஆள்.

தம்பி, உங்கள் பேரேட்டின் ஊரும் ஆண்டும் என்னைத் திடுக்கிட வைத்தன. லெட்பதான் தாராவதி மாவட்டத்தில் இருக்கிறது. 1930 டிசம்பர் 22-ஆம் நாள் சாயா சான் தலைமையில் விவசாயிகள் எழுச்சி தொடங்கியது அந்த மாவட்டத்தில்தான். தலைவரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டு நடக்காமல் போனதும், உடம்பில் பச்சை குத்தி, தாயத்துக் கட்டி, குண்டு துளைக்காது என்ற நம்பிக்கையோடு துப்பாக்கிக்கு எதிரே வந்தார்கள். அவர்களை அடக்க இந்தியாவிலிருந்து படை போயிற்று. சாயா சானை 1931 நவம்பர் 28-இல் தாராவதிச் சிறையில் தூக்கிலிட்டார்கள். அவரோடு எழுந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு அதே கதி. உங்கள் ஐயா கடையில் ‘நிலம் எழுதி வாங்கியது’ என்ற வரிகள் விழுந்ததும் அதே காலத்தில்தான். பதினேழு பேரில் எத்தனை பேர் அந்தப் பக்கம் நின்றார்கள் என்று பேரேடு சொல்லாது.

சும்மா ஒரு வாசகர்:

வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு, செட்டிநாட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போகப் போகிறார்கள். ‘பர்மாத் தேக்கு, சுமார் நூறு ஆண்டுப் பழமை’ என்று எழுதினால் போதாதா?

வளவுவீட்டுப் பேரன்:

போதும்தான். அப்படி எழுதுவதென்றால் நான் இங்கே வந்து கேட்டிருக்கவே வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி:

எனக்கு வயது எழுபத்தெட்டு. பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள், சொல்வது நான்.

என் அப்பச்சி (அப்பா) பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாக, கப்பல் ஏறினார். மூன்று வருடத்துக்குச் சம்பளச் சீட்டு. ஏஜெண்டுக்குக் கால் பிடிப்பதிலிருந்து கணக்கெழுதுவது வரைக்கும் எல்லாம் கற்றுக்கொண்டு, இருபத்திரண்டு வயதில் அடுத்தாளாக இருந்தபோது ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1941 டிசம்பர் 23, ரங்கூன். மொகல் தெருக் கிட்டங்கியில் அன்றைக்கு வரவு வைத்திருந்த பணத்தை யாரும் எண்ணவில்லை என்று அப்பச்சி சொல்லுவார். கப்பலில் இடம் யார் யாருக்குக் கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இவர் நடந்தார். வடக்கே போய், தமு வழியாக மணிப்பூருக்கு.

நடந்து வந்தவர்கள் நாலைந்து லட்சம் பேர் என்று பிறகு எழுதினார்கள். வழியில் வாந்திபேதியிலும் பசியிலும் விழுந்தவர்களை எண்ணியவர் யாரும் இல்லை. அந்த வழியிலேயே வெள்ளைக்காரருக்கு ஒரு பாதை, நம்மவருக்கு ஒரு பாதை என்று பிரித்து வைத்திருந்தார்கள். ‘வெள்ளைப் பாதை, கறுப்புப் பாதை’ என்று மக்களே பேர் வைத்துவிட்டார்கள். வெள்ளைப் பாதையில் முகாமும் தண்ணீரும் வண்டியும் உண்டு. ஓர் இடத்தில் இரண்டு பாதையும் கிட்டத்தில் வந்ததாம். அங்கே ஒரு கொட்டகையில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்த வாசனை வந்திருக்கிறது. அப்பச்சி தகரக் குவளையை எடுத்துக்கொண்டு போய் நின்றார். சிப்பாய் ஒருவன், அவனும் நம் நாட்டுக்காரன்தான், இவர் குவளையை வாங்கிப் பார்த்து, கவிழ்த்து, திருப்பிக் கையில் கொடுத்து, ‘உங்களுக்கு அந்தப் பக்கம்’ என்றானாம். அந்தக் குவளை எங்கள் வீட்டுச் சாமான் அறையில் இன்றைக்கும் இருக்கிறது. அப்பச்சி கடைசி வரைக்கும் தேநீர் குடிக்கவில்லை, காப்பிதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்த் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் அத்தனை தூரம் சுமந்து வந்தது என்ன தெரியுமா? நிலப் பத்திரங்கள். ஊருக்கு வந்தவுடன் ஆத்தா கேட்டிருக்கிறாள், ‘இந்தக் காகிதத்துக்குப் பதில் இரண்டு படி அரிசியைக் கட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா’ என்று. அந்தக் காகிதம் ஒன்றுக்கும் உதவவில்லை. ஆத்தா பழைய கொட்டான் ஒன்றில் போட்டு வைத்திருந்தாள், கரையான் தின்றது.

கணக்கர் (காரைக்குடி):

ஆச்சி, கை கூப்பிக் கேட்டுக்கொண்டேன். இதைத்தான் நான் சொல்ல வந்தேன். இது இன்னல் இல்லையென்றால் எது இன்னல்?

திருவாடானைப் பக்கத்தான்:

ஆச்சி சொன்னதைப் படித்து எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் கணக்கர் ஐயா அதைச் சட்டென்று வாங்கித் தம் வரவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டதைப் பார்த்ததும் நானும் ஒன்று சொல்லத் தோன்றியது.

என் பாட்டனார் பர்மாவுக்குப் போகவில்லை, மலாயாவுக்குப் போனார். கங்காணி ஒருவர் ஊருக்கு வந்து ஆள் கட்டிக்கொண்டு போனதில் ஒருவர். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். லயத்தில் ஓர் அறை. காலையில் பிரட்டு (பேர் கூப்பிடுவது), பிறகு வெளிக்காடு. மேலே தண்டல் (மேற்பார்வையாள்), அதற்கு மேலே கிராணி (எழுத்தர்), எல்லாருக்கும் மேலே துரை. அந்தத் தோட்டங்களில் ஒரு விதி இருந்தது: துரை எதிரே வந்தால், சைக்கிளில் போகிற தமிழன் இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளி, பெண்களிடம் கைவைக்காதிருத்தல், கள்ளுக்கடையை மூடுதல் ஆகியவற்றோடு, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் அதில் இருக்கிறது. கூலிக்கு நடந்த போராட்டம் என்று மட்டும் அதைச் சொன்னால் பாதியை விட்டதாகும். அதற்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள். என் பாட்டனார் அந்த நிறுத்தத்தில் இருந்தார்.

இனி இந்தப் பக்கத்துக்கு வருகிறேன். அவர் கப்பல் ஏறியது ஏன்? 1930 டிசம்பரில், அதாவது ஆசிரியர் ஐயா சொன்ன அதே டிசம்பரில், நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினரான நாட்டார் கூடி ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன் வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் இரவிக்கை போடக் கூடாது. பூ வைக்கக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது. காலில் செருப்புக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். 1931 ஜூனில் இன்னும் பதினொன்று சேர்த்தார்கள். பாட்டனார் எங்களிடம் பலமுறை சொன்னது ஒன்று: அங்கே சைக்கிளை விட்டு இறங்கச் சொன்னவன் நம்மிடம் சைக்கிளையாவது விட்டு வைத்திருந்தான்.

கிள்ளானிலிருந்து திரும்பி வந்தபோது அவர் வாங்கி வந்த கறுப்புக் குடை ஒன்று இருந்தது. ஊர் எல்லை வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்து, கண்மாய்க்கரையில் மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தாராம். மழை பெய்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரனுக்கு எதிரே இறங்க மாட்டேன் என்று நின்ற மனிதர் அவர்.

பலகையில் நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். ‘வெள்ளையர் ஆட்சியின் இன்னல்’ என்று எழுதும்போது, அந்த இன்னலுக்குப் படிக்கட்டுகள் பல இருந்தன என்பது எழுதுகிற கைக்குத் தெரிந்திருந்தால் சரி.

கணக்கர் (காரைக்குடி):

அந்தத் தடைகளை நகரத்தார் போடவில்லை. இதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

திருவாடானைப் பக்கத்தான்:

போட்டதாக நான் எங்கேயும் எழுதவில்லை, ஐயா. நீங்கள் முந்திக்கொண்டு மறுத்ததுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

தேவகோட்டைத் தமிழாசிரியர்:

இருவரும் சற்றுப் பொறுங்கள். அந்தச் சிக்கலுக்காகவே காந்தியார் 1934-இல் தேவகோட்டைக்கு வந்து நாட்டாரோடு பேசினார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1927-இல் செட்டிநாட்டுக்கு வந்திருந்தபோது, நம் வீடுகளுக்குள் அடைத்து வைத்திருந்த வெளிநாட்டுச் சாமான்களைப் பார்த்து, அறைகலன் போடும் ஒப்பந்தத்தைத் தம்மிடம் விட்டால் பத்தில் ஒரு பங்கு செலவில் முடித்துத் தருவேன் என்று சிரித்துக்கொண்டே குத்தினார். அந்தப் பயணத்தில்தான் சிராவயலுக்குப் போய், ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்த இளைஞர் ஜீவானந்தத்தைச் சந்தித்தார். மாளிகையில் விருந்து, சிராவயலில் கொட்டகை. இரண்டும் நம் வட்டாரம்தான்.

எதிர்த்தவர்கள் நம் மண்ணில் குறைவில்லை. 1801 ஜூன் 16-இல் சின்ன மருது வெளியிட்ட அறிக்கையைத் திருச்சிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கத்திலும் ஒட்டினார்கள். எல்லா வகுப்பாரையும் முசுலிம்களையும் பெயர் சொல்லி அழைத்து, வெள்ளையனை விரட்ட ஒன்று சேரச் சொன்னது அது. அவனிடம் சம்பளம் வாங்கிய சிப்பாய்களையும் விட்டுவிடாமல் அழைத்தது. ஆச்சி சொன்ன சிப்பாயை நான் அங்கே வைத்துத்தான் பார்க்கிறேன். அக்டோபர் 24-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். கானாடுகாத்தானிலிருந்து அது எத்தனை தூரம், தம்பி? சாப்பிட்டுவிட்டுப் போய்த் திரும்பிவிடலாம். சின்ன மருதுவின் பதினைந்து வயது மகன் துரைச்சாமியையும் மற்றவர்களையும் 1802-இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். பின்னாளில் நம்மவர் கிட்டங்கி திறந்ததும், தண்ணீர்மலையான் கோயில் கட்டியதும் அதே பினாங்கில்தான்.

இன்னொன்று. 1942 ஆகஸ்டில் எங்கள் ஊரில் நீதிமன்றம் எரிந்தது. விடுதலைப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையைப் பிடித்துத் திருவாடானைச் சிறையில் அடைத்தபோது, ஊர் ஊராகக் கூடிய மக்கள் பட்டப்பகலில் சிறையை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் கறுப்புப் பாதையில் நடந்து வந்தவர்கள் கால் புண்ணோடு இந்த ஊர்களில் வந்து இறங்கியிருந்தார்கள். வெள்ளைக்காரன் தன் ஆளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு ஓடுவான் என்பதைச் செய்தித்தாள் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை இங்கே எந்தத் தெருவுக்கும் இல்லை. காங்கிரசே அலகாபாத்தில் கூடி அந்தப் பாதைப் பாகுபாட்டைக் கண்டித்தது. எங்கள் ஊரில் அந்த ஆகஸ்ட் அவ்வளவு மூர்க்கமாக எழுந்ததில் அந்தக் கால் புண்ணுக்குப் பங்கு உண்டு என்பது என் துணிபு.

பர்மா காலனி வாசி (காரைக்குடி):

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நாங்கள் 1964-க்குப் பிறகு வந்தவர்கள். அந்த ஆண்டு மார்ச்சில் பர்மிய அரசு கடைகளை எடுத்துக்கொண்டது. மே மாதத்தில் 50, 100 கியாத் தாள்கள் செல்லாது என்றது. எங்கள் தாத்தா மாண்டலேயில் துணிக்கடை வைத்திருந்தார், வட்டிக்கடை அல்ல. அங்கே எங்களைக் ‘கலா’ (அந்நியன்) என்றார்கள். இங்கே வந்தால் ‘பர்மாக்காரர்’ என்கிறார்கள். உங்கள் பேரேட்டின் பாக்கியை நாங்களும் சேர்ந்து கட்டினோம் என்று சில சமயம் நினைப்பதுண்டு. ஆனால் எங்கள் தாத்தாவுக்குப் பர்மியர் மீது கோபம் இருந்ததில்லை. ‘அவர்கள் வீட்டுக்குள் அழைக்காமல் போனவர்கள் நாம்’ என்பார்.

வளவுவீட்டுப் பேரன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு பெரிய அண்ணனை உட்கார வைத்து இந்த இழையை முழுக்கப் படித்துக் காட்டினேன். ஆச்சியின் தேநீர்க் குவளை வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். கறுப்புக் குடைக்கு வந்ததும் எழுந்து போய் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு வந்து, ‘ஐந்து வரி போதாது, பலகையைப் பெரிதாகச் செய்யச் சொல்’ என்றார்.

இப்போது எழுதியிருப்பது இது: ‘இத்தூண்கள் பர்மாக் காட்டுத் தேக்கு. ஆங்கிலேயர் பர்மாவைப் பிடித்த பின் எங்கள் முன்னோர் அங்கே போய்க் கடை வைத்தனர். தாராவதி மாவட்டம் லெட்பதான் கடையில் 1931 முதல் 1933 வரை பதினேழு விவசாயிகளின் நிலம் கடனுக்காக எழுதி வாங்கப்பட்டது. அவர்களின் பெயர்கள் கீழே உள்ளன. 1942-இல் அக்கடையின் ஆட்கள் இந்தியருக்கென ஒதுக்கிய பாதையில் நடந்தே ஊர் திரும்பினர்.’

பெயர்களைத் தமிழிலும் பர்மிய எழுத்திலும் போட நினைக்கிறேன். நம் அடுத்தாள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால் சரியான பர்மிய எழுத்து எது என்று எனக்குப் பிடிபடவில்லை. பர்மா காலனி அண்ணன் வீட்டில் படிக்கத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் பேரேட்டை எடுத்துக்கொண்டு ஞாயிறன்று வருகிறேன்.

பர்மா காலனி வாசி (காரைக்குடி):

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். காலை பத்து மணிக்குள் வாருங்கள். அதற்கு மேல் கண் களைத்துவிடும்.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, ‘கடையின் ஆட்கள்’ என்று போட்டிருக்கிறாய். ஏஜெண்டு, அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையல்காரர் என்று தனித்தனியாகப் போடு. எங்கள் அப்பச்சியோடு நடந்த சமையல்காரர் தமுவைத் தாண்டவில்லை.

வளவுவீட்டுப் பேரன்:

போடுகிறேன், ஆச்சி. தச்சர் பலகைக்கு அளவு கேட்டு நிற்கிறார். மூன்றடிக்கு இரண்டடி என்று சொல்லியிருக்கிறேன்.